லியோனின் சொதி, குழம்பு, கூழ்

செய்தி வரும்போது காலை பத்து மணி. சண்டிலிப்பாயில், வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில், நமசிவாயம் வாய்க்காலை வெட்டிவிட்டு மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். படலையைத் திறந்துகொண்டு வின்சன்ற் வந்தான். நண்பர் லியோனின் மனைவி ஸ்ரெல்லாவின் தம்பி அவன். குருநகரிலிருந்து பங்குனி வெயிலில் மிதித்து வந்தவன் சைக்கிளை வேலியில் சாத்தினான். ஒரு செம்பு தண்ணீர் வாங்கி அண்ணாந்து குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "மிளகாய் நல்லாக் காய்ச்சிருக்கு அண்ணை" என்றான்.

மிளகாயைப் புகழ்வதற்கென்று குருநகரிலிருந்து ஒருவரும் சண்டிலிப்பாய்க்கு வருவதில்லை. நமசிவாயம் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன வின்சன்ற்?"

"அத்தான் போயிட்டார் அண்ணை. விடியக் கோப்பி குடிச்சிட்டுக் கதிரையிலை இருந்தவர். அக்கா கூப்பிட்டிருக்கிறா, சத்தமில்லை. பகிடிக்கு நடிக்கிறாரெண்டு நினைச்சுக் கொஞ்சநேரம் பேசியுமிருக்கிறா. பிறகுதான் தொட்டுப் பாத்தவா."

நமசிவாயம் வின்சன்றின் முகத்தை உற்றுப் பார்த்தார். எங்கேயாவது ஓர் ஓரத்தில் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். லியோனிடமிருந்து வரும் செய்தியை உடனே நம்பி அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருமுறை, "பெற்றோல் வந்திருக்கு, கானோடை ஓடி வா, ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று லியோன் ஆள் அனுப்பியிருந்தார். பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கோயில் தீர்த்தம்போலச் சொட்டுச் சொட்டாகப் புழங்கிய காலம். நமசிவாயம் மனைவி குணலட்சுமிக்கும் சொல்லாமல் புதுக் கானைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பறந்தார். அங்கே போனால் முற்றத்தில் பெரிய பானையில் ஒடியல் கூழ் கொதிக்கிறது. அன்று லியோனுக்குப் பிறந்தநாள். "கூழ் குடிக்க வாவெண்டு கூப்பிட்டால் தண்ணி மாறவேணும், சந்தைக்குப் போகவேணும் எண்டு நூறு சாட்டுச் சொல்லுவாய் மச்சான். பெற்றோல் எண்டாத்தானே கால் கிளம்பும்" என்றார் லியோன். வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, கான் வெறுமையாகப் போகக்கூடாதென்று அதிலும் கூழை நிரப்பிக் கொடுத்தார்கள்.

வின்சன்றின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. நமசிவாயம் வாய்க்காலை மறித்துக் கட்டினார். தண்ணீர் எந்தப் பாத்திக்குப் போகிறது என்று பார்க்கவில்லை.

லியோன் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. வள்ளம் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே சத்தி எடுப்பார். "மீனுக்குத் தீன் போடத்தான் உவனைக் கொண்டு போறன்" என்று தகப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். கடைசியில் வெட்கம் தாங்காமல் மகனைக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பெரிய உருளைகளுக்குக் கிறீஸ் பூசுவதும் எண்ணெய் விடுவதும் அங்கே லியோனுக்கு வேலை. நமசிவாயம் களஞ்சியத்தில் இருந்தார். எண்ணெய் கேட்டு வருகிறவருக்கும் எடுத்துக் கொடுக்கிறவருக்கும் இடையில் உண்டான சினேகம் அது. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரே வித்தியாசம் தலையில்தான். நமசிவாயத்துக்கு அடர்ந்த சுருள்மயிர். லியோனுக்கு முப்பது வயதுக்குள்ளேயே உரித்த தேங்காயைச் சிரட்டையோடு கவிழ்த்து வைத்ததுபோல மொட்டை.

தொழிற்சாலையில் லியோனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவரைக் கூப்பிட்டு, இரண்டு விரலுக்கிடையில் ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்து, "காதுக்குக் கிட்டப் பிடி. எண்ணெய் கதைக்கும்" என்பார். ஒன்றும் கேட்கவில்லை என்றால், "காதைக் கழுவிப்போட்டு நாளைக்கு வா" என்பார். கேட்கிறது என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம். "என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்பார்.

தொண்ணூறில் சண்டை மூண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. நமசிவாயத்துக்குத் தோட்டம் இருந்தது. லியோனுக்கு என்ன இருந்தது? கடல் முன்பே அவரைத் துப்பிவிட்டது. இப்போது ஊருக்கே கடலைத் தடைசெய்தும் விட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஸ்ரெல்லா தையல் மெசினில் வருகிறதை வைத்து அடுப்பெரித்தாள்.

அப்போதுதான் லியோன் எண்ணெய் வடிக்கத் தொடங்கினார். கராச்சுகளில் கழித்துவிட்ட கறுத்த எஞ்சின் எண்ணெயை வாங்கி வருவார். காய்ச்சி, நாட்கணக்காக அடைய விட்டு, மண்ணிலும் துணியிலும் வடித்தெடுப்பார். மெலிந்துபோனதைத் தடிப்பாக்குவதற்கு ஆமணக்கெண்ணெய் சேர்ப்பார். யாழ்ப்பாணத்துக்குள் புது எண்ணெய் வருவதற்கு வழியில்லாத அந்த நாட்களில் தோட்டத்துத் தண்ணீர் மெசின்களும் மோட்டார் சைக்கிள்களும் இந்த எண்ணெயில்தான் மூச்சு விட்டன.

ஆனால் விற்பதில் ஒரு சங்கடம். தகர டின்னில் முன்பு வந்த எண்ணெய்க்கு முப்பது, நாற்பது, ஐம்பது என்று நம்பர் இருந்தது. அது எண்ணெயின் தடிப்பைச் சொல்கிற நம்பர், தரத்தைச் சொல்கிறதல்ல என்று லியோன் தொண்டை வறளச் சொன்னார். யார் கேட்டது? யாழ்ப்பாணத்தில் நம்பர் என்றால் அது பரீட்சைப் புள்ளிதான்.

"ஐம்பது இல்லையோ?" என்பார் மோட்டார் சைக்கிள்காரர்.

"உங்கடை சைக்கிளுக்கு முப்பது காணும் ஐயா. அதுக்கு மெல்லிசுதான் நல்லது."

"ஏன், என்னைப் பாத்தால் முப்பதுக்காரன் மாதிரிக் கிடக்கோ?"

ஒருவர் முப்பதைப் போத்தலோடு திருப்பிக் கொண்டுவந்து, தன் மச்சான் நாற்பது வாங்கினதாகவும், தான் அவனுக்குக் கீழே போகமுடியாதென்றும் சொல்லிவிட்டார். சின்ன எஞ்சினுக்குத் தடித்த எண்ணெயை ஊற்றிவிட்டு, ஸ்ராட் வரவில்லையென்று லியோனை வந்து பேசினார்கள்.

ஒரு காலை ஸ்ரெல்லா இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதி விட்டுக்கொண்டிருந்தாள். லியோன் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைக் கூழ்ப்பானைக்குள்ளை ஊத்துவியே?" என்று கேட்டார். "விசரே உங்களுக்கு?" என்றாள் அவள். அன்று பின்னேரம் லியோன் போத்தல்களில் இருந்த நம்பர்களையெல்லாம் உரித்தெறிந்தார். மெல்லியது சொதி. நடுத்தரம் குழம்பு. தடித்தது கூழ். மோட்டார் சைக்கிளுக்குச் சொதி, நல்ல நிலையில் இருக்கிற காருக்குக் குழம்பு, தேய்ந்த கிழட்டு லொறிக்குக் கூழ். "எல்லாம் நல்ல சாப்பாடுதான். எதுக்கு எது எண்டதுதான் கதை" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. சொதி குடிப்பதற்கு யார்தான் வெட்கப்படுவார்கள்? "லியோன் அண்ணை, ரெண்டு போத்தல் குழம்பு, ஒரு போத்தல் சொதி" என்று பெரிய மனிதர்கள் வேலிக்கு மேலால் சத்தம் போட்டுக் கேட்டார்கள். தெருவால் போகிறவர்கள் ஸ்ரெல்லா சாப்பாட்டுக்கடை போட்டுவிட்டாள் என்று நினைத்தார்கள்.

ஆனாலும் கார்க்காரர்கள் கிட்ட வரவில்லை. வந்தால் அவர்களிடம்தான் வியாபாரம். ஒரு கார் குடிக்கிற எண்ணெயை ஏழெட்டு மோட்டார் சைக்கிள் சேர்ந்தாலும் குடிக்காது. இதற்கிடையில் யாரோ விற்ற எண்ணெயால் கொக்குவிலில் ஒரு மொறிஸ் மைனரின் எஞ்சின் இறுகிப்போக, பழி லியோனின் தலையில் வந்து விழுந்தது. குழம்பும் வேண்டாம் கூழும் வேண்டாம் என்று இருந்தவர்களும் கழன்றார்கள்.

நமசிவாயத்திடம் தகப்பன் விட்டுப்போன ஒஸ்ரின் கார் ஒன்று இருந்தது. தம்பி அருட்பிரகாசத்துக்கு நல்லூரில் கலியாணம் நிச்சயமாயிற்று. தொண்ணூற்றிமூன்று தை மாதம், காலை முகூர்த்தம். மாப்பிள்ளைமார் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போய்த் தாலி கட்டிய காலத்தில், பிரகாசம் காரில் போகப்போகிறான் என்ற கதை நாலு ஊருக்குப் பரவியது. சைக்கிளில் பின்னால் வரப்போகிறவர்கள் நூறு பேருக்குக் குறையாது.

லியோன் ஓடி வந்தார்.

"மச்சான், உன்ரை காருக்கு என்ரை எண்ணெயை விடு. கார் நல்லூருக்குப் போய்ச் சேந்துதெண்டால் அந்த நூறு பேரும் எனக்கு நூறு நோட்டீஸ்."

"வழியிலை நிண்டால்?"

"நிண்டால் நான் அடுப்பைக் கவிட்டு வைக்கவேண்டியதுதான். ஸ்ரெல்லாவும் சொல்லிப்போட்டாள். இதோடை ஒரு முடிவு."

நமசிவாயம் ஒத்துக்கொண்டார். எந்த எண்ணெய் என்பதில்தான் இழுபறி. ஒஸ்ரின் மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இறங்கி, கீழே எஞ்சினின் அடித்தொட்டியில் இருக்கிற எண்ணெயோடு கலந்து அதை மெலியச் செய்துவிடும். "இண்டைக்குக் குழம்பு ஊத்தினால் வாற கிழமை அது சொதி. அப்ப கூழிலை தொடங்கினாத்தானே சரி?" என்றார் நமசிவாயம்.

"மற்ற நாளெண்டால் சரி. கலியாண நாளிலை விடிய வெள்ளன, பனிக்குள்ளை, பற்றறி இல்லாமல் ஹாண்டில் போட்டுச் சுத்தவேணும். கூழெண்டால் உன்ரை தோள்மூட்டுக் கழரும். குழம்புதான்."

லியோன் சொன்னது சரி. வாகன எண்ணெய் பற்றித் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். பிழை வேறிடத்தில் நடந்தது. அந்த நேரம் அவரிடம் லொறிகளில் கழித்த எண்ணெயிலிருந்து வடித்தெடுத்த கூழ் மட்டும்தான் இருந்தது. அதை இளக்கிக் குழம்பாக்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டு இளக்குவது அவருடைய மதத்தில் பாவம். ஸ்ரெல்லாவின் குசினியில் தேங்காயெண்ணெய் இருந்தது. தாராளமாக ஊற்றிக் கலக்கினார்.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், நமசிவாயத்தின் முற்றத்தில், சனம் பார்க்கப் பந்தயம் வைத்தார். சாய்த்து வைத்த கண்ணாடித் துண்டின் மேல்விளிம்பில் கூழ் ஒரு சொட்டு, புதுக் குழம்பு ஒரு சொட்டு. குழம்பு வழுக்கிக்கொண்டு ஓடி முதலாவதாகக் கீழே வந்தது. சனம் கைதட்டியது. பழைய எண்ணெயைக் கழித்துப் புதியதை நிரப்பிவிட்டு லியோன் அன்றிரவு அங்கேயே படுத்துக்கொண்டார்.

விடியும்போது நல்ல பனி. குசினிப் பக்கம் பலகாரச் சட்டிகள் ஏறிவிட்டன. மாப்பிள்ளைக்குப் பால் அறுகு வைத்துத் தோயவார்த்துக் குளிப்பாட்டுவதற்காகப் பெரிய கிடாரத்தில் வெந்நீர் கொதித்தது. வெளியே சைக்கிள்கள் வரத் தொடங்கின. லியோன் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். அசையவில்லை. நமசிவாயமும் சேர்ந்து பிடித்தார். கார் ஒருமுறை குலுங்கியது, அவ்வளவுதான்.

லியோன் எண்ணெய் பார்க்கிற கோலை உருவினார். கோலின் நுனியில் வெள்ளையாக, கட்டியாக, தாலிப்பந்தலில் பரிமாறலாம் போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னடா இது?" என்றார் நமசிவாயம், மெதுவாக.

"குழம்பு."

"இது குழம்பில்லை மச்சான், நெய். என்னத்தைக் கலந்தனீ?"

"தேங்காயெண்ணெய்."

நமசிவாயம் தன் தலையைத் தொட்டார். அந்த மாதம் முழுவதும் காலையில் எழுந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, உறைந்துபோன தலையெண்ணெய்ப் போத்தலை அடுப்படியில் வைத்து உருக்குவதுதான். யாழ்ப்பாணத்தில் தலையில் மயிர் உள்ள எல்லோரும் பனிக்காலத்தில் அதைத்தான் செய்வார்கள்.

"அடேய் மொட்டை! பனிக்கு உறையுமெண்டு உனக்குத் தெரியாதே?"

"எனக்கென்னத்துக்கடா தேங்காயெண்ணெய்?" என்றார் லியோன். அந்தப் பனியிலும் மொட்டையில் வியர்வை துளிர்த்திருந்தது.

அதற்குள் பொன்னம்பலம் மாமா வந்துவிட்டார். தாய்மாமன். பட்டுச் சால்வையும் சந்தனமும். ஊரில் எந்தக் கலியாணம் நடந்தாலும் இந்தச் சடங்கு விட்டுப்போச்சு, அந்தச் சடங்கு பிழைச்சுப்போச்சு என்று சொல்வதற்கென்றே போகிறவர்.

"என்ன, வெளிக்கிடாதாமோ? நான் அப்பவே சொன்னனான். எண்ணெய்க்கு ஆளைப் பாத்து எடுக்கவேணும். பொடியனைச் சைக்கிளிலை ஏத்துங்கோ."

அவர் குரல் படலைவரை கேட்டது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் காரை நோக்கி நடக்கவும் தொடங்கினார்கள். கோல் இன்னும் லியோனின் கையில் இருந்தது. அவர் அதை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து உள்ளே செருகினார். கண் கிடாரத்தின் பக்கம் போனது. பிறகு மிகவும் பணிவாகப் பொன்னம்பலத்தைப் பார்த்தார்.

"வெளிக்கிடும் ஐயா. இன்னும் காருக்குத் தோயவாக்கேல்லை எல்லே, அதுதான் நிக்கிறன்."

"காருக்கோ?"

"நான் வேதக்காரன், எனக்கென்ன தெரியும்? மாப்பிள்ளை ஏறுற வாகனத்துக்கு முதல்லை சுடுதண்ணியிலை தோயவாக்கிறது முந்தின வழக்கமெண்டு கேள்வி. இப்ப ஒருத்தருக்கும் தெரியாதாம். உங்களுக்குத் தெரியாமல் இராது."

முற்றம் முழுவதும் பொன்னம்பலத்தின் வாயைப் பார்த்தது. அவர் சால்வையைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"ஓம்... ஓம். வண்டில் காலத்திலை இருந்தது. இப்பத்தைச் சனம் எல்லாத்தையும் கைவிட்டிட்டுது. அதுசரி, கார் கிழக்குப் பாக்கவெல்லோ நிக்கவேணும்?"

வடக்கே பார்த்து நின்ற, ஹாண்டிலே அசையாத காரைத் திருப்புவதென்றால் அரை மணித்தியாலம் போய்விடும். லியோன் அசரவில்லை. "வடக்கு குபேரதிசை எல்லே ஐயா? கலியாணத்துக்கு அதுதான் விசேஷமெண்டும் சொல்லுறவை."

"அதுவும் பிழையில்லை. மஞ்சள் போடவேணும்."

"எவ்வளவெண்டாலும் போடுங்கோ."

கிடாரம் காரடிக்கு வந்தது. லியோன் நாலு சாக்கை வெந்நீரில் தோய்த்துக்கொண்டு காருக்கு அடியில் தவழ்ந்தார்.

"சாக்கு என்னத்துக்கு?" என்றார் பொன்னம்பலம்.

"வஸ்திரம்" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

"தண்ணியை மேலை எல்லோ வாக்கவேணும்?"

"வாகனத்துக்குக் கால் கீழை ஐயா. காலிலைதான் வாக்கிறது. ஊத்துங்கோ, நல்லா ஊத்துங்கோ!"

ஊற்றினார்கள். லியோன் சாக்கை எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி அணைத்துப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். மஞ்சள் தண்ணீர் அவருடைய மொட்டையிலும் வழிந்தது. நமசிவாயம் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தபடி கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவரைக் கண்டு சனமும் கும்பிட்டது. குணலட்சுமி புருஷனின் முகத்தை ஒருமுறைதான் பார்த்தாள். "அடுப்பிலை இன்னொரு பானை கிடக்கு, கொண்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அறுகம்புல்லைத் தலையில் வைத்தபடி பிரகாசம் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, எனக்குச் சுடுதண்ணி?"

"நீ கிணத்திலை குளி. கார் குளிக்கட்டும்."

"அண்ணை, கலியாணம் எனக்கோ காருக்கோ?"

"போய்க் குளி" என்றார் நமசிவாயம்.

இரண்டாவது பானையும் முடிந்தபோது லியோன் கோலை உருவிப் பார்த்தார். நெய் உருகிக் குழம்பாக வழிந்தது. மண்ணெண்ணெய்க் காரைக் கிளப்புவதற்கென்று மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு எஞ்சினுக்குக் காட்டினார். ஹாண்டில் சுழன்றது. ஒஸ்ரின் ஒருமுறை இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. பொன்னம்பலம் கண்ணை மூடி, "பாத்தியளோ? முறையாச் செய்தால் எல்லாம் நடக்கும்" என்றார்.

கார் நல்லூர்வரை நிற்கவில்லை. ஆனால் தேய்ந்த எஞ்சின் கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்து எரிப்பதால், தேங்காயெண்ணெய்ப் புகை பின்னால் எழும்பிக்கொண்டே போனது. மானிப்பாய் வீதி நெடுகப் பலகாரம் சுடுகிற வாசம். வீடுகளிலிருந்து சனம் மூக்கை நீட்டி எட்டிப் பார்த்தது. பெண்வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது, "மாப்பிள்ளை வீட்டார் வழியிலை வடை சுட்டுக்கொண்டெல்லோ வருகினம்" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். முகூர்த்தத்துக்கு நேரம் மிச்சம் இருந்தது.

மறுநாளே லியோனின் வேலியில் இரண்டு கார்க்காரர் வந்து நின்றார்கள். மாதம் முடிவதற்குள் இன்னும் சேர்ந்தார்கள். ஸ்ரெல்லா அடுப்பைக் கவிழ்க்கவில்லை. ஆனால் நடந்ததை நமசிவாயம் சொல்லக் கேட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எண்ணெய் வடிக்க முதல் தலைமயிர் உள்ள ஒருத்தரிட்டைக் கேட்டிருக்கலாமே" என்று புருஷனைக் கண்ட இடமெல்லாம் கேட்டாள். லியோன் அதற்குப் பிறகு தேங்காயெண்ணெயைத் தொடவில்லை. பனிக்காலத்துக்கு மெல்லியது, வெயிலுக்குத் தடித்தது என்று காருக்குக் காரும் மாதத்துக்கு மாதமும் பார்த்துக் கொடுத்தார்.

விட்டுப்போகாதது சடங்குதான். அதைப் பொன்னம்பலம் விடவில்லை. அவர் போகிற கலியாணங்களிலெல்லாம் மாப்பிள்ளைக் காருக்குத் தோயவார்த்தார்கள். ஆவணி வெயிலில், எண்ணெய் தானாகவே உருகி ஓடுகிற நாளிலும் வார்த்தார்கள். சாக்குக்குப் பதிலாகப் புது வேட்டி வந்தது. மாவிலை வந்தது. ஒருமுறை லியோனையே கூப்பிட்டு, "வடக்கோ கிழக்கோ?" என்று சந்தேகம் கேட்டார்கள். "பொன்னம்பலம் ஐயா இருக்கேக்கை நான் சொல்லக்கூடாது" என்று கைகட்டி நின்றார் லியோன். அன்றைக்கு அவருக்கும் ஒரு வேட்டி கிடைத்தது. அதை உடுத்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு வந்து நமசிவாயத்துக்குக் காட்டிவிட்டுப் போனார்.

இவ்வளவும் நினைவில் ஓட, நமசிவாயம் மண்ணைக் கழுவிவிட்டு வெள்ளை வேட்டிக்கு மாறினார். குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"காரிலை போவமே? பொன்னம்பலம் மாமாவும் வாறாராம்."

"கார் வேண்டாம்."

போன வியாழக்கிழமை லியோன் வந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது, இனிச் சொதி காணாது என்று பழையதைக் கழித்துவிட்டுக் குழம்பு ஊற்றினார். கொண்டுவந்தது போதவில்லை. எண்ணெய் கோலின் மேல்கோட்டைத் தொடவில்லை. "இன்னும் அரைப்போத்தல் வேணும் மச்சான். திங்கள் கொண்டு வாறன். அதுவரைக்கும் காரை எடுக்காதை. வேறை ஆரின்ரையும் எண்ணெயைக் கலக்கவும் கூடாது. கலந்தியோ, நான் செத்தாலும் விடமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கள் வரவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று படுத்திருந்தாராம். இன்று புதன்.

நமசிவாயமும் பொன்னம்பலமும் சைக்கிளில் போனார்கள். குருநகரில் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கார்க்காரர் பலர் வந்திருந்தார்கள். பெட்டிக்குள் லியோனுக்குக் கலியாணக் கோட்டு மாட்டியிருந்தார்கள். விரல் நகங்களில் மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்றாள் ஸ்ரெல்லா.

பின்னேரம் சேமக்காலையில் சுவாமியார் செபம் சொல்லி முடித்து மண் போடும்போது, பொன்னம்பலம் எல்லோருக்கும் கேட்கக் கலங்கிய குரலில் சொன்னார்: "வேதக்காரனெண்டாலும், எங்கடை பழைய சடங்கொண்டை அழியவிடாமல் காப்பாத்தின மனிசன்."

நமசிவாயம் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்றவர் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார். நிமிர்ந்தபோது குழிக்கு அந்தப் பக்கம் ஸ்ரெல்லா நின்றாள். அவளும் முக்காட்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும் பாடு பட்டார்கள். பிறகு அவள் அழத் தொடங்கினாள். அது அழுகைதான்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவள் நமசிவாயத்தை லியோன் எண்ணெய் வடிக்கிற கொட்டிலுக்குள் கூட்டிப்போனாள். பலகையில் போத்தல்கள் நின்றன. லியோன் வடித்து முடித்துப் பெயர் ஒட்டாமல் விட்டவை. எல்லாம் ஒரே கறுப்பு.

"உங்கடை காருக்கு அரைப்போத்தல் எடுத்து வைக்கவேணுமெண்டு ஞாயிறு சொன்னவர் அண்ணை. எடுத்தவரோ தெரியாது. இதிலை எது குழம்பெண்டும் எனக்குத் தெரியாது. பாத்து எடுங்கோ."

நமசிவாயம் ஒவ்வொன்றாகத் திறந்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒருமுறை காதருகேயும் பிடித்தார். பிறகு மூடிகளை இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"கிடக்கட்டும் தங்கச்சி" என்றார்.

ஒஸ்ரின் இப்போதும் சண்டிலிப்பாயில் வீட்டுக் கொட்டகைக்குள்தான் நிற்கிறது. கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் மேல்கோட்டுக்கு அரைப்போத்தல் குறைவு.